கட்டாக்காலிக் குதிரையும் கலைக்களஞ்சியமும்

நெல்லைக் களஞ்சியத்திற் சேர்க்கும் உழவர் முதலில் அதனைத் தூற்றிப் பதர் நீக்குவர். ஈரம் போக உலர்த்துவர். அதன் பின்னரே உள்ளே கொட்டுவர். பதரும் மணியும் விரவிக் கிடக்கும் களஞ்சியம் எத்துணைப் பெரிதாயினும், பசித்து வந்தவனுக்கு முழுப்பயன் தாராது. அறிவைத் தொகுத்து வைக்கும் கலைக்களஞ்சியத்திற்கும் இஃது ஒக்கும். ஆயிரமாயிரம் பொருள்களைப் பற்றிய செய்திகளை அது தன்னகத்தே கொண்டிருக்கலாம். அச்செய்திகள் ஆராய்ந்து தெளிந்து எழுதப்பெற்றனவா என்பதே அதன் பெருமையை அளக்கும் கோலாகும்.

தமிழில் கலைக்களஞ்சியம் காண எடுத்த முயற்சிகள் பெருமை வாய்ந்தவை. ஆ. சிங்காரவேலு முதலியார் அரிதின் முயன்று தொகுத்த 'அபிதான சிந்தாமணி' 1910இல் வெளிவந்தது. தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு கலைக்களஞ்சியம் ஒன்றை உருவாக்கியது. அதன் முதல் தொகுதி 1954இலும், பத்தாம் தொகுதி 1968இலும் வெளிவந்தன. இன்றோ, கணினியிலும் கைப்பேசியிலும் கலைக்களஞ்சியத்தைப் படிக்கும் காலம் வந்துவிட்டது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, கற்றார் யாவரும் எழுதவும் திருத்தவும் கூடியதாய் வளர்ந்து வருகிறது. அறிவு மாளிகையின் வாயில்கள் இவ்வாறு அகலத் திறந்துவிட்டன. ஆயினும், உள்ளே புக வருவோருள் பலர் திண்ணையோடு திரும்பி விடுகின்றனர். கட்டுரையின் முன்னுரையைப் படித்ததும், முழுப்பொருளும் விளங்கிவிட்டதாக எண்ணி நூலை மூடிவிடுகின்றனர்.

ஆதலின், கலைக்களஞ்சியக் கட்டுரைக்கு உயிர்நிலை அதன் முன்னுரையே எனலாம். கட்டுரையின் நடுவே உள்ள பிழையைப் பொறுமையோடு படிப்பவரே எதிர்ப்படுவர். முன்னுரையில் உள்ள பிழையோ படிப்பவர் அனைவர் உள்ளத்திலும் பதிந்துவிடும். நல்ல முன்னுரை மூன்று கடமைகளை ஆற்றுதல் வேண்டும். சொல்ல வந்த பொருள் இன்னது என வரையறுத்தல் முதற்கடமை. அது தோன்றி வளர்ந்த வரலாற்றைச் சுருங்கச் சொல்லுதல் இரண்டாவது. அப்பொருளைப் பற்றி அறிஞரிடையே வழக்கு இருப்பின், இரு திறத்தார் கூற்றையும் நடுநின்று உரைத்தல் மூன்றாவது. இக்கடமைகள் தவறினால் விளையும் தீங்கு யாது என்பதை, உலகின் பல நாடுகளில் உடையவர் இன்றித் திரியும் குதிரைகளைக் கொண்டு விளக்கலாம்.

அக்குதிரைகளைப் பற்றிய கட்டுரை ஒன்றின் முன்னுரை பின்வருமாறு அமைந்திருப்பதாகக் கொள்க: "காட்டுக் குதிரைகள் உலகின் பல பகுதிகளில் வாழும் எழில்மிக்க விலங்குகள். தளை என்பதையே அறியாத இவை விடுதலையின் சின்னமாக விளங்குகின்றன. அமெரிக்காவின் முஸ்டாங், ஆஸ்திரேலியாவின் பிரம்பி என இவற்றுள் பல வகை விலங்கினங்கள் உண்டு. மனிதரின் பேராசையால் இவை யாவும் இன்று அழிந்து வருகின்றன." படிப்பதற்கு இனிமையாகவே உள்ளது. ஆனால், இந்நான்கு வாக்கியங்களுள் ஒன்றேனும் ஆராய்ச்சிக்கு முன் நேர் நிற்காது.

முதற்சொல்லிலேயே பிழை தொடங்குகிறது. காட்டு விலங்கு என்பது, தன் முன்னோருள் எதுவும் மனிதர் கைப்பட்டுப் பழகாத விலங்காகும். முஸ்டாங்கும் பிரம்பியும் அத்தகையன அல்ல. அவற்றின் முன்னோர் மனிதரைச் சுமந்தன, ஏர் இழுத்தன, வண்டி இழுத்தன. பின்னர்த் தப்பியோடியோ, கைவிடப்பட்டோ வெளியிற் பெருகின. தெருவில் திரிவதனால் நாய் ஓநாய் ஆகிவிடுவதில்லை. அவ்வாறே, மலையிலும் பாலையிலும் திரிவதனாலேயே வீட்டுக் குதிரை காட்டுக் குதிரை ஆகிவிடாது. 'தளை என்பதையே அறியாத' என்னும் தொடரும் இக்காரணத்தாலேயே பொருந்தாது. இன்று திரியும் குதிரை தளையை அறியாதிருக்கலாம். அதன் குலம் நன்கு அறியும்.

இவ்விலங்கோடு பழகிய மக்கள் இட்ட பெயர்கள் இவ்வுண்மையைத் தெளிவாகவே காட்டுகின்றன. முஸ்டாங் என்னும் பெயர் ஸ்பானிய மொழியிலிருந்து பிறந்தது. உடையவர் இன்றித் திரியும் கால்நடை என்பதே அதன் மூலப்பொருள். தமிழிலும் இதற்கு நிகரான சொல் உண்டு. கட்டித் தொழுவில் நிறுத்தாமல் திரியவிட்ட மாடுகளை ஈழத்தமிழர் 'கட்டாக்காலி' என வழங்குவர். 'காலி' என்பது கால்நடையைக் குறிக்கும் பழஞ்சொல். கட்டப்படாத கால்நடை என்னும் இச்சொல், ஒரு காலத்தில் கட்டப்பட்டிருந்த இனம் என்பதையும் குறிப்பாக உணர்த்துகிறது அன்றோ? 'கட்டாக்காலிக் குதிரை' என்று எழுதினால் வரையறையின் பாதி பெயரிலேயே அடங்கிவிடும். நாட்டு மக்களின் நாவில் வாழும் சொல்லை விடுத்து, பொருள் மயங்கும் சொல்லை ஆள்வது அறிவுடைமை ஆகாது.

அங்ஙனமாயின் காட்டுக் குதிரை என்பது எது? மங்கோலியர் 'தாக்கி' என அழைக்கும் குதிரையையே விலங்கியலார் நெடுங்காலமாக அப்பெயரால் குறித்து வந்தனர். ரஷ்ய நாட்டுப் பயணி பிரசெவால்ஸ்கியின் பெயராலும் அது வழங்கும். வீட்டுக் குதிரையின் உயிரணுவில் 64 குரோமோசோம்கள் உள்ளன. தாக்கியின் உயிரணுவில் 66 உள்ளன. இயற்கைச் சூழலில் அதனை மக்கள் இறுதியாகக் கண்டது 1969இல் ஆகும். விலங்குக் காட்சிச்சாலைகளில் எஞ்சியிருந்த சிலவற்றின் வழித்தோன்றல்கள் 1992 முதல் மங்கோலியப் புல்வெளிகளில் மீண்டும் விடப்பட்டன. எனினும், இத்தாக்கியைப் பற்றியும் வழக்கு ஒன்று எழுந்துள்ளது. இன்றைக்கு ஏறத்தாழ 5,500 ஆண்டுகளுக்கு முன் கஜகஸ்தான் நாட்டின் போட்டாய் என்னும் இடத்தில் வாழ்ந்த மக்கள் வளர்த்த குதிரைகளின் வழிவந்ததே தாக்கி என்று 2018இல் வெளியான மரபணு ஆராய்ச்சி ஒன்று கூறியது. போட்டாய் மக்கள் குதிரைகளை வளர்க்கவில்லை, வேட்டையாடியே உண்டனர் என்று 2021இல் வேறு ஆராய்ச்சியாளர் மறுத்தனர். இவ்வழக்கு முடியும் வரையில், "தாக்கியே இன்று எஞ்சியுள்ள உண்மைக் காட்டுக் குதிரை எனப் பலர் கருதுகின்றனர், சிலர் இதனை ஐயுறுகின்றனர்" என்று எழுதுவதே முறை. ஐயத்தை ஐயமாகவே எழுதுவதும் அறிவின் ஒரு கூறாகும்.

'பல வகை விலங்கினங்கள்' என்பது அடுத்த பிழை. முஸ்டாங், பிரம்பி முதலியவை நாட்டிற்கு நாடு வேறுபடும் பெயர்களே. இவையனைத்தும் வீட்டுக் குதிரை என்னும் ஒரே விலங்கினத்தைச் சேர்ந்தவை. வேறுபடுவது அவை அவ்வந்நாட்டிற்கு வந்த வரலாறு. முன்னுரை அவ்வரலாற்றைச் சில வரிகளிற் சொல்லியிருக்க வேண்டும். கொலம்பஸ் 1493இல் தம் இரண்டாம் பயணத்தின்போது கரீபியத் தீவுகளுக்குக் குதிரைகளைக் கொண்டுவந்தார். 1519இல் கோர்ட்டெஸ் 16 குதிரைகளோடு மெக்சிகோ நாட்டில் இறங்கினார். ஸ்பானியர் கொணர்ந்தவையும், பின் வந்த குடியேறிகளிடமிருந்து தப்பியவையும் கலந்து முஸ்டாங் மந்தைகள் உருவாயின. ஆஸ்திரேலியாவிற்கு 1788இல் ஆங்கிலேயரின் முதற்கப்பல் கூட்டத்தோடு குதிரை வந்தது. பாக்கு நீரிணையை அடுத்துள்ள நெடுந்தீவில், போர்ச்சுக்கீசியரும் ஒல்லாந்தரும் ஆண்ட காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை எனக் கருதப்படும் மந்தைகள் இன்றும் மேய்கின்றன. தமிழ்நாட்டில் நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடியக்கரையிலும் இத்தகைய மட்டக் குதிரைகளைக் காணலாம். எங்கெல்லாம் மனிதர் குதிரையைக் கொண்டு சென்றனரோ, அங்கெல்லாம் கட்டாக்காலிகள் தோன்றின என்பதே இவ்வரலாற்றின் சாரம்.

இறுதி வாக்கியமோ எல்லாவற்றினும் தீங்கு மிக்கது. 'இவை யாவும் அழிந்து வருகின்றன' என்பது இரக்கம் பிறப்பிக்கும். ஆனால் உண்மைக்கு மாறானது. இதனை உணர அமெரிக்காவின் வரலாற்றைப் பார்த்தல் வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே இறைச்சிக்காகவும் மேய்ச்சல் நிலத்திற்காகவும் இக்குதிரைகள் கொடுமையாக வேட்டையாடப்பட்டன. நெவாடா மாநிலத்தைச் சேர்ந்த வெல்மா ஜான்ஸ்டன் என்னும் அம்மையார் இக்கொடுமையை எதிர்த்துப் போராடினார். பொது நிலங்களில் வண்டிகளிலும் விமானங்களிலும் துரத்தி வேட்டையாடுவதை 1959ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. அதன் பின்னர்ப் பள்ளிப் பிள்ளைகள் எண்ணற்ற கடிதங்களைச் சட்டமன்றத்தார்க்கு எழுதினர். 1971இல் அக்குதிரைகளைப் பாதுகாக்கும் பெருஞ்சட்டம் நிறைவேறியது. மாணவர் எழுதிய சொற்களும் ஒரு நாட்டின் சட்டத்தை ஆக்குவதற்குத் துணை நின்றன என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

சட்டத்தின் காவலில் குதிரைகள் பெருகின. அவற்றைக் கொன்றுண்ணும் விலங்குகள் அங்கே மிகக் குறைவு. ஆதலின் ஓராண்டில் 100க்கு 15 முதல் 20 வரை மந்தைகள் வளர்கின்றன. அந்நாட்டு நில மேலாண்மைத் துறையின் 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி, அதன் பொறுப்பிலுள்ள நிலங்கள் தாங்கத்தக்கவை குதிரையும் கழுதையும் சேர்த்து ஏறத்தாழ 27,000 ஆக இருந்தன. 2020இல் அங்கே இருந்தவையோ ஏறத்தாழ 95,000. மிகையானவற்றை ஹெலிகாப்டர் கொண்டு வளைத்துப் பிடித்துப் பட்டிகளில் அடைக்கின்றனர். பிடிக்கும்போது சில மாள்கின்றன. பிடிக்காமல் விட்டால், வறட்சிக் காலத்தில் புல்லும் நீரும் இன்றிப் பல வாடுகின்றன. கருத்தடை மருந்து செலுத்தி மந்தையின் வளர்ச்சியைக் குறைக்கும் முறையும் கையாளப்படுகிறது. இவற்றுள் எது நன்று என்று முடிவு செய்ய வேண்டிய குடிமக்கள், 'அழிந்து வருகின்றன' என்று மட்டும் படித்திருந்தால் அவர்களது முடிவு எத்தன்மையதாகும்?

ஆஸ்திரேலியாவில் வழக்கு இன்னும் கடுமையானது. குளம்புடைய விலங்கு எதுவும் அக்கண்டத்திற்கு இயல்பாக உரியதன்று. அந்நாட்டு மலைகளின் சதுப்புப் பாசிநிலங்களும் சிற்றோடைகளும் குதிரைக் குளம்பின் மிதியைத் தாங்காது சிதைகின்றன. அச்சதுப்புகளையே நம்பி வாழும் அரிய தவளை இனங்களுக்கு அதனால் ஊறு நேர்கிறது. மற்றொரு பக்கம், மலைநாட்டுக் குடிகள் பிரம்பியைத் தம் முன்னோர் வாழ்வின் அடையாளமாகப் போற்றுகின்றனர். 2000ஆம் ஆண்டில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் தேசியப் பூங்கா ஒன்றில் 600க்கும் மேற்பட்ட குதிரைகள் ஹெலிகாப்டரிலிருந்து சுட்டுக் கொல்லப்பட்டன. நாடெங்கும் கண்டனம் எழவே, அம்முறை நிறுத்தப்பட்டது. 2023இல் அம்மாநிலம் கொசியஸ்கோ தேசியப் பூங்காவில் அதனை மீண்டும் அனுமதித்தது. குதிரையை மட்டும் கூறித் தவளையை மறைப்பதும், தவளையை மட்டும் கூறிக் குதிரையை மறைப்பதும் நடுநிலை ஆகா.

இத்தகைய வழக்கு தொலைநாடுகளுக்கே உரியதன்று. கோடியக்கரைச் சரணாலயம் 1967இல் வெளிமான்களின் பாதுகாப்பைக் கருதி அமைக்கப்பட்டது. அங்குத் திரியும் மட்டக் குதிரைகள் மானுக்குரிய புல்லைப் பகிர்ந்துகொள்கின்றன என ஆராய்ச்சியாளர் கவலையுறுகின்றனர். நெடுந்தீவிலோ, கோடையில் நன்னீர் வற்றும்போது குதிரைகளே துன்புற்று மடிகின்றன. ஓரிடத்தில் குதிரையால் துன்பம். மற்றோரிடத்தில் குதிரைக்கே துன்பம். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அடக்கி ஒரு தீர்ப்புக் கூறுதல் எங்ஙனம் பொருந்தும்?

இவ்வாறு முன்னுரையைத் திருத்த முற்பட்டால் சிலர் தடை கூறுவர். "குதிரைக் குலம் தோன்றியதே வட அமெரிக்காவில்தான், ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்னரே அஃது அங்கே மறைந்தது. ஆதலின் ஸ்பானியரோடு வந்த குதிரை தாய்வீடு திரும்பியதாகும், அதனைக் கட்டாக்காலி என்பது இழிவு" என்பது ஒரு தடை. இக்கூற்றின் முதற்பகுதி உண்மையே. அதனை முன்னுரையில் கட்டாயம் குறிக்க வேண்டும். ஆயினும், இடைப்பட்ட காலத்தில் நிலமும் பிற விலங்குகளும் மாறின. திரும்பி வந்ததும் மனிதர் தெரிந்தெடுத்து வளர்த்த குதிரையே என்று மற்றையோர் கூறுவதும் உண்மையே. அன்றியும், கட்டாக்காலி என்பது பழிச்சொல் அன்று. நிலையைக் குறிக்கும் சொல். இவ்விலங்கை வெறுப்பவர் 'களை' என்பர். விரும்புபவர் 'சின்னம்' என்பர். கலைக்களஞ்சியம் அவ்விரண்டையும் தன் சொல்லாக ஆளாமல், அவரவர் சொல்லாகவே எடுத்துக் கூறுதல் வேண்டும்.

"இத்துணைச் செய்திகளையும் முன்னுரையில் ஏற்றினால் அதுவே ஒரு கட்டுரை ஆகிவிடாதா?" என்பது மற்றொரு தடை. இதற்கு விடையாகத் திருந்திய முன்னுரை ஒன்றைக் காண்க: "கட்டாக்காலிக் குதிரை என்பது, மனிதர் வளர்த்த குதிரைகளின் வழித்தோன்றி, உடையவர் இன்றித் திரிந்து வாழும் வீட்டுக் குதிரையாகும். வழக்கில் இதனைக் காட்டுக் குதிரை என்பர். எனினும், மங்கோலியாவின் தாக்கியே உண்மைக் காட்டுக் குதிரை எனப் பலர் கருதுகின்றனர். அமெரிக்காவின் முஸ்டாங், ஆஸ்திரேலியாவின் பிரம்பி, நெடுந்தீவு, கோடியக்கரை ஆகிய இடங்களின் மந்தைகள் இதற்கு எடுத்துக்காட்டுகள். குதிரைக் குலம் வட அமெரிக்காவில் தோன்றி, அங்கே மறைந்து, 15, 16ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியரால் அமெரிக்கக் கண்டங்களுக்கு மீண்டும் கொண்டுவரப்பட்டது. சில நாடுகள் இவற்றைச் சட்டத்தால் காக்கின்றன. சில நாடுகள் நிலத்திற்கும் பிற உயிர்களுக்கும் ஊறு கருதிக் குறைக்கின்றன. எவ்வளவு காக்க வேண்டும், எம்முறையால் குறைக்க வேண்டும் என்பது இன்றும் வழக்கில் உள்ளது."

எட்டு வாக்கியங்களில் மூன்று கடமைகளும் நிறைவேறிவிட்டன. முன்னைய முன்னுரையைவிட இது சிறிது நீளமே. எனினும், இதனோடு நூலை மூடுபவர் பிழையோடு செல்லமாட்டார்; மேலும் அறிய விரும்புபவர்க்கோ எவ்வெவற்றை ஆராய வேண்டும் என்பது விளங்கும். அழகுச் சொற்கள் குறைந்தனவே என்று வருந்த வேண்டுவதில்லை. குதிரையின் எழிலைப் பாடக் கவிஞர் உளர். அதன் உண்மையை உரைக்கவே கலைக்களஞ்சியம் உளது.

பள்ளி மாணவருக்கும் இதில் பங்கு உண்டு. இன்று அவர்கள் கலைக்களஞ்சியத்தைப் படிப்பவர் மட்டுமல்லர். அதனை எழுதவும் திருத்தவும் வாய்ப்புப் பெற்றவர்கள். முன்னுரை ஒன்றைக் காணும்போது, 'இதன் முதல் வாக்கியம் பொருளை வரையறுக்கிறதா? புகழ்ச்சியோ இகழ்ச்சியோ உண்மையின் இடத்தைப் பிடித்துக்கொண்டதா? மறுதரப்பார் இதனைப் படித்தால், தம் கூற்றும் நேர்மையாகச் சொல்லப்பட்டது என ஒப்புவரா?' என்னும் வினாக்களை அவர்கள் எழுப்புதல் வேண்டும். விடை குறைவுடையதாயின், தக்க சான்றுகளைத் தேடித் திருத்த முன்வருதல் வேண்டும். தனக்காக வாதாட வாயில்லாத விலங்கையும், பேச நாவில்லாத நிலத்தையும் பற்றி எழுதும்போது இக்கடமை இருமடங்கு ஆகிறது. அவற்றின் நன்மையும் தீமையும் மனிதர் எழுதும் சொற்களையே சார்ந்து நிற்கின்றன.